முட்டிட்டுதோ என்று அம்மா கேட்ட பின்னேரம்

தம்பி,

நாளைப் பின்னேரம் நீ கிளாலிக்குப் போய்த் தோணி ஏறுகிறாய். அக்கரை சேர்ந்தால் வவுனியா, பிறகு கொழும்பு, பிறகு மாமா இருக்கிற ஜெர்மனி. உன் பையில் இரண்டு சேட்டுகளுக்கு நடுவில் இந்தக் கடிதத்தை வைத்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். தண்ணீரைத் தாண்டின பிறகு நீ வாசித்தால் போதும். முகத்துக்கு முன்னால் கதைக்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் கீறினவன் நான். அங்கே எந்த அறிக்கையும் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலோடுதான் தொடங்கும். வேறு விதமாக எழுத எனக்கு வராது. ஆகவே:

1. நான் எப்படி இவ்வளவு பயந்தவன் ஆனேன் என்பது.
2. உனக்கு ஒன்பது வயதில் பேனையையும் மூடியையும் வைத்து நான் காட்டிய விளையாட்டு.
3. ஆனிக் கடைசியில் அந்தப் பின்னேரம் குண்டு போடுகிற பொம்பர் வந்த சத்தம் எங்கள் வளவில் ஒருவருக்கும் கேட்டிருக்க முடியாது என்பது.
4. ஆகவே அம்மா செத்ததற்கு நீ காரணம் இல்லை என்பது.
5. போகிற இடத்தில் நீ எப்படி இருக்க வேண்டும் என்பது.

முதலாவது. 83 ஆடியில் நான் கொழும்பில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். என்னோடு உடுப்பிட்டிக்காரர் ஒருவர் இருந்தார், ஒரு கம்பனியில் கிளாக்கர். நல்ல மனிதர். என் சேட்டுகளையும் சேர்த்து அயன் பண்ணித் தருவார். தமிழரைத் தேடி வந்த கலவரக் கும்பல் முன்கதவைக் கோடாலியால் கொத்தத் தொடங்கியபோது நான் கொல்லைப்புறக் கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். அவர் அரை நிமிடம் பிந்தி வந்தார். கதவை விரல் நுனியால் தட்டி, "மச்சான், திற. நான்தான்," என்றார். கத்தவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னார், என்னையும் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று. என் கை தாழ்ப்பாளின் மேலேதான் இருந்தது. நான் திறக்கவில்லை. பிறகு பொல்லடி விழத் தொடங்கியது. நனைந்த சாக்கை அடிக்கிற மாதிரிச் சத்தம். எதையும் எண்ணுவது என் பழக்கம் என்று அம்மா சிரிப்பாளே, அன்றைக்கும் எண்ணினேன். இருபத்தேழு வரை எண்ணினேன். அவருடைய குரல் அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியால் ரத்தம் உள்ளே வந்து என் செருப்பைத் தொட்டது. காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கின கிழமையே உடுப்பிட்டிக்குப் போனேன். அவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதும் சொன்னவனோ, ராசா?" என்று கேட்டார். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அம்மா," என்றேன். இதை நான் உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதன்முதல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் எனக்குத் தப்பியதில்லை. 87இல் ஷெல் புறப்படுகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் நடுவில் நான் வளவில் வெட்டின பங்கருக்குள் இருப்பேன். 90க்குப் பிறகு ஹெலி, பொம்பர் எல்லாம் மற்றவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு நிமிடத்துக்கு முன்னால் எனக்குக் கேட்கும். முற்றத்தில் நான் இருக்கிற கதிரையிலிருந்து பங்கர் வாசலுக்குக் கால் எட்டி வைத்தால் பத்தொன்பது எட்டு. நான் ஓடுவதைப் பார்த்து எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கை முழுவதும் சிரித்தது. முன்வீட்டுத் தம்பையா தன் சைக்கிள் கடை வாசலில் நின்று சொல்லுவான்: "சர்வேயர் ஐயா நடந்தா ஹெலி. ஓடினா பொம்பர். செருப்பில்லாமல் ஓடினா ரெண்டும்." உன் அம்மா பங்கருக்குள் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இஞ்சாருங்கோ, கலியாணம் கட்டேக்குள்ளை கையைப் பிடிச்சனீங்கள்தானே. ஓடேக்குள்ளையும் பிடிச்சால் என்ன?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஒருநாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதில்லை.

பிறகு அந்தச் சிரிப்பு மாறியது. தம்பையாவின் கடைக்குக் குண்டு விழுந்த நாளை நினைத்துப் பார். நான் ஓடுவதைக் கண்டு அவன் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கள் பங்கருக்குள் விழுந்தான். வெளியே வந்தபோது கடை இருந்த இடத்தில் ரயர்கள் எரிந்துகொண்டிருந்தன. கடையில் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த ஒருவரின் கால் மட்டும் வேலியில் கிடந்தது. அதற்குப் பிறகு ஒழுங்கையில் ஒரு வழக்கம் வந்தது. ஏதாவது இரைச்சல் கேட்டால் பெண்கள் ஆகாயத்தைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்ப்பார்கள். வேலிக்கு மேலால் எட்டி, "ஐயா இருக்கிறாரோ, ஓடிட்டாரோ?" என்று கேட்பார்கள். நான் கதிரையில் இருந்தால் மேலே ஒன்றுமில்லை என்று அர்த்தம். அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு கோழையை நம்பி ஒரு ஒழுங்கை சமைத்தது, குளித்தது, பிள்ளைகளைத் தூங்க வைத்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

இரண்டாவது. 84இல் இந்தியர் ஒருவர் ரஷ்யர்களோடு விண்வெளி நிலையத்துக்குப் போனார். அப்போது எங்களுக்குக் கரண்ட் இருந்தது. வானொலியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு உன்னை மேசையில் இருத்தினேன். ஒரு கையில் பேனை, மறு கையில் அதன் மூடி. பேனை விண்கலம், மூடி நிலையம். "ரெண்டும் பூமியைச் சுத்திக்கொண்டு துவக்குக் குண்டை விட வேகமாப் போகுது. ஆனால் ஒண்டுக்கொண்டு பக்கத்திலை வரேக்குள்ளை எறும்பு ஊருற மாதிரித்தான் வரும்," என்று சொல்லி மிக மெதுவாகப் பேனையை மூடியிடம் கொண்டுபோனேன். நீ மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாய். "முட்டினா வெடிக்குமோ அப்பா?" என்று கேட்டாய். வாசலில் நின்ற அம்மா, "பேனையை மூடி வைக்கத் தெரியாமல் சேட்டெல்லாம் மையாக்கிற மனிசன், ஆகாசத்திலை மூடிக் காட்டுறார்," என்றாள்.

முட்டுகிறது என்ற சொல்லை நான் அன்றைக்கு உனக்கு விளக்கினேன். இந்தியாவிலிருந்து வருகிற புத்தகங்களில் முட்டினால் மோதினது என்று அர்த்தம், மாடு முட்டுகிற மாதிரி. எங்கள் வாயில் முட்டுகிறது என்றால் தொடுகிறது. பிள்ளையை முட்டாதை, சுடுசட்டியை முட்டாதை என்கிறோம். விண்கலம் எங்கள் மாதிரித்தான் முட்டும், புத்தகத்தில் இருக்கிற மாதிரி முட்டாது என்றேன். பேனை மூடிக்குள் போய் டக் என்றது. வானொலியும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் சொல்லியது. நீ முற்றத்துக்கு ஓடி, "அம்மா, முட்டிட்டுது," என்று சொன்னாய். அன்று முழுவதும் நீ என்னை வேறு யாரோ பெரிய மனிதரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாய். பயந்தவனுடைய மகன் அப்படிப் பார்ப்பதில்லை. அந்தப் பார்வையை இன்னும் ஒரு முறை வாங்க வேண்டும் என்று பதினொரு வருடம் எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாவது. இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இந்த வருடம் ஆனியில் நீ திருநெல்வேலியில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்து, "அப்பா, அமெரிக்கன்ரை விண்கலம் ரஷ்யன்ரை நிலையத்திலை போய் முட்டப் போகுது. ரெண்டு பேரும் இவ்வளவு நாளும் எதிரியள். எங்கடை நேரம் பின்னேரம் ஆறரை," என்றாய். கரண்ட் போய் ஐந்து வருடம். பற்றரியும் இல்லை. நீ சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பூட்டி, வயரை வானொலிக்குக் கொடுத்தாய். ஒருவர் மிதித்தால்தான் மற்றவர் கேட்கலாம். நீ குசினிச் சுவரைப் பார்த்தபடி மிதித்தாய். நான் உனக்குப் பின்னால் கதிரையில், கிணற்றைப் பார்த்தபடி, ஒரு காதில் வானொலியின் காதுக்கருவியைச் செருகிக்கொண்டு இருந்தேன். ஆங்கிலத்தில் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். நூறு அடி. முப்பது அடி. விநாடிக்கு ஓர் அங்குலம் போல வருகிறது. அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள்.

இனிக் காரணங்கள். முதலில் டைனமோ. சில்லு வேகமாகச் சுற்றும்போது அது எழுப்புகிற ரீங்காரமும், விசிறி வைத்த பொம்பர் தூரத்தில் வரும்போது எழுப்புகிற இரைச்சலும் ஒரே சுருதி. இதைத் தம்பையாவும் பல தடவை சொல்லியிருக்கிறான். அடுத்தது காற்று. ஆனிச் சோளகம் அன்று பலமாக வீசியது, பனையோலை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. பொம்பர் காற்றுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. மேலும் கிணற்றடியில் வாளி, கப்பி, தண்ணீர் என்று சத்தம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், குண்டு போடக் கீழே தாழ்ந்து பதியும் வரை அது ஒருவர் காதிலும் விழுந்திருக்க முடியாது. பதிந்த பிறகு கேட்டும் பயனில்லை.

நாலாவது. நடந்ததை நீ கண்டாய், ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன். இன்னும் சில அடிதான் என்று சொன்னேன். அம்மா நிமிர்ந்து, "முட்டிட்டுதோ?" என்று கேட்டாள். நான் கையை உயர்த்தி, பொறும் என்று காட்டினேன். வானொலியில் தொட்டுவிட்டது, பிடித்துவிட்டது என்றார்கள். "முட்டிட்டுது," என்று உன்னிடம் சொன்னேன். நீ மிதிப்பதை நிறுத்தித் திரும்பினாய். உன் முகத்தில் அந்த ஒன்பது வயதுச் சிரிப்பு இருந்தது. அப்போதுதான் பொம்பர் தலைக்கு மேலே பதிந்தது. ஒரு குண்டு ஒழுங்கையில். மற்றது கிணற்றுக்குப் பின்னால் வாழைகளுக்குள். பிறகு நான் அளந்து பார்த்தேன், அம்மா நின்ற இடத்திலிருந்து குழிக்குப் பதினொரு யார்ட் தூரம்.

குண்டு விழுந்த பிறகு நான் பங்கருக்கு ஓடினேன். விழுந்த பிறகு. உன்னையும் விட்டுவிட்டு, பத்தொன்பது எட்டு. அதை நீ கண்டாய், ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் வெளியே வந்தபோது நீ அம்மாவை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தாய். கப்பிக் கயிறு அவளுடைய வலது கையில் சுற்றியிருந்தது. வயிற்றுக்குக் கீழே பார்க்கக்கூடியதாக ஒன்றும் இல்லை. நீ உன் சேட்டைக் கழற்றி அதன்மேல் போட்டிருந்தாய், அது முழுக்க நனைந்துவிட்டது. ஒழுங்கையில் யாரோ தங்கள் பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதிரையில் கிடந்த கருவி உயிரில்லாமல் இருந்தது, ஏனென்றால் மிதிக்க ஆளில்லை. மேலே இருந்த இரண்டு நாட்டுக்காரரும் அன்றைக்குக் கைகொடுத்தார்களா என்று நான் இன்று வரை விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் நீ அலவாங்கை எடுத்து டைனமோவை நொறுக்கினாய். சில்லையும் அடித்து வளைத்தாய். "நான் மிதிச்சிருக்காட்டி அம்மாவுக்குப் பொம்பர் கேட்டிருக்கும்," என்றாய். அன்றிலிருந்து நீ சைக்கிளில் ஏறவில்லை. எங்கள் கோப்பாயிலிருந்து திருநெல்வேலிக்கு நடந்தே போய் வந்தாய், மழையிலும். இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பினாய். நான் கண்டுகொண்டுதான் இருந்தேன். நாலு மாதமாக நான் அதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான். உன் மிதியில் பிழையில்லை. அதை அக்கரைக்குச் சுமந்துகொண்டு போகாதே.

ஐந்தாவது. புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விடாதே. சைக்கிளில் ஏறு. அங்கே குளிருமாம், காதை மூடிக்கொள், ஆனால் ரோட்டில் போகும்போது திறந்து வை. பயம் வந்தால் ஓடு, அதில் வெட்கம் இல்லை. ஆனால் ஓடுவதற்கு முன் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு ஓடு. ஒரே ஒரு சொல். உடுப்பிட்டிக்காரருக்கு நான் செய்யாதது அதுதான்.

இங்கே கடிதத்தை முடித்துப் பேனையை மூடினேன். பிறகு வாசித்துப் பார்த்தேன். கந்தோரில் படத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை அளவுகளைச் சரி பார்ப்போம், அந்தப் பழக்கம். மூன்றாவதில் வந்து நின்றுவிட்டேன். பேனையைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கிறது.

தம்பையாவைப் பெரியாஸ்பத்திரியில் பார்க்கப் போனதை உனக்குச் சொல்லவில்லை. ஒழுங்கையில் விழுந்த குண்டு அவனுடைய இடது காலை முழங்காலோடு கொண்டு போனது உனக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தபடி வழக்கம் போலச் சிரிக்கப் பார்த்தான். "ஐயா, இனி நான் உங்களோடை ஓட்டப் போட்டிக்கு வரேலாது," என்றான். பிறகு, "எனக்கு இரைஞ்சது கேட்டது ஐயா. வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தன். நீங்கள் கதிரையிலை இருந்தியள். அப்ப ஒண்டுமில்லை எண்டு நானும் நிண்டிட்டன்," என்றான். அவன் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். நான் கொண்டுபோன பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே தம்பையாவுக்குக் கேட்டிருக்கிறது. அவன் காதைவிட என் காது எவ்வளவோ கூர்மையானது என்று இந்த ஒழுங்கைக்கே தெரியும்.

இந்தக் கடிதத்தை உன் பைக்குள் வைக்க மாட்டேன். நீ முற்றத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருப்பது யன்னலால் தெரிகிறது. எழும்பி வந்து உன் கையில் தருவேன். நீ வாசித்து முடிக்கும் வரை உனக்கு முன்னாலேயே நிற்பேன். ஓட மாட்டேன். நீ என்ன சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் போனாலும், நிற்பேன்.

அன்றைக்கு என் ஒரு காதில்தான் கருவி இருந்தது. மற்றக் காது திறந்திருந்தது. மூன்று அடி இருக்கும்போதே எனக்குக் கேட்டது. எது டைனமோ, எது பொம்பர் என்று எனக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. கால் இரண்டும் தாமாகவே நிலத்தில் ஊன்றின. ஆனால் உன் முதுகைப் பார்த்தேன். நீ ஒன்பது வயதில் மூச்சடக்கின மாதிரியே மூச்சடக்கி மிதித்துக்கொண்டிருந்தாய். இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, பலாலிப் பக்கம் போகும், அரை நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டேன். என் ஆயுளில் பயப்படாமல் இருந்த அரை நிமிடம் அதுதான். சந்தோஷமாக இருந்தேன், தம்பி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

உன் அம்மா முட்டிட்டுதோ என்று மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வாளியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி நாடியால் மேலே காட்டி, என் முகத்தைப் பார்த்து, "உதென்ன சத்தம்?" என்று கேட்டாள். உன் டைனமோ இரைச்சலில் உனக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பொம்பர் என்ற ஒரு சொல் போதும். அவள் நின்ற இடத்திலிருந்து பங்கருக்குப் பன்னிரண்டு எட்டுத்தான்.

நான் கையை உயர்த்தி, "உது டைனமோ. கொஞ்சம் பொறும்," என்றேன். அவள் என்னை நம்பித் திரும்பவும் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

மூன்றாவது பிழை, தம்பி. நாலாவது மட்டும் சரி.